உமிக்குக் கணக்கில்லை

ரங்கூனிலிருந்து ஆற்றைக் கடந்தால் டலா. அதற்கும் மேற்கே வயல்வெளியைத் தாண்டினால் த்வாண்டே. மட்பாண்டச் சூளைகளுக்குப் பெயர்போன ஊர். ஐராவதியையும் ரங்கூன் ஆற்றையும் இணைக்க வெள்ளையர் ஆட்சியில் வெட்டிய, சுமார் 35 கி.மீ. நீளமுள்ள கால்வாய் இதன் வழியாகத்தான் போகிறது. டெல்டா நெல் இந்த வழியே படகேறி ரங்கூன் ஆலைகளுக்கு வந்து சேர்ந்தது. என் தாத்தா அந்தப் பக்கத்து அரிசி ஆலை ஒன்றில் பாய்லர் உலைக்கு உமி தள்ளியவர். பர்மாத் தமிழர் வரலாற்றை வட்டிக்கடையிலிருந்து தொடங்கியே நமக்குப் பழக்கம். நான் உலைவாயிலிருந்து தொடங்குகிறேன்.

1852 போருக்குப் பின் கீழ்ப்பர்மா பிரிட்டிஷார் கைக்குப் போனது. ஆரம்பத்தில் ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய அரிசி முழுக்கத் தீட்டியதல்ல. ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகும் நெடும்பயணத்தில் கெடாமலிருக்க, உமி நீக்கிய அரிசியோடு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நெல்லையும் கலந்தே அனுப்பினார்கள். அதற்குக் ‘கார்கோ அரிசி’ என்று பெயர். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. நீராவிக் கப்பல்கள் பெருகின. வெள்ளை அரிசியாகவே அனுப்ப முடிந்தது. உமி ஆலையிலேயே மலையாகக் குவிந்தது.

நெல்லின் எடையில் ஏறத்தாழ 20 சதவீதம் உமி. நல்ல நிலக்கரி தரும் வெப்பத்தில் பாதியை அது தரும். நிலக்கரி கடல் கடந்து வரவேண்டும், உமியோ காலடியில் கிடந்தது. அதை எரிக்கத் தோதான உலைகள் வந்ததும், நெல்லரைக்கும் எந்திரத்தை அந்த நெல்லின் உமியே ஓட்டியது. எரித்தும் தீராததை ஆற்றில் கொட்டினார்கள். எரிபொருள் செலவு இல்லாததால் சிற்றாலைகளுக்கும் கட்டுப்படியானது. 20ஆம் நூற்றாண்டின் முதல் 30 ஆண்டுகளில் டெல்டாவின் சிற்றூர்களிலும் ஆலைப் புகைபோக்கிகள் எழுந்தன. நீராவியில் நெல்லை அவித்து அரைத்த பர்மாப் புழுங்கலரிசி இலங்கைக்கும் போனது. தேயிலைத் தோட்டத்து நம்மவர்கள் அதைத்தான் பொங்கித் தின்றார்கள்.

உமி சட்டென்று எரிந்து தீரும், ஓயாமல் தள்ளவேண்டும். நூறு கிலோ எரித்தால் 15 முதல் 20 கிலோ சாம்பல் மிஞ்சும், அதில் பெரும்பகுதி சிலிக்கா. அதையும் வாரிக்கொண்டே இருக்கவேண்டும். தூசும் வெக்கையுமான ஆலை வேலைக்கு மேஸ்திரிகள் முன்பணம் கொடுத்துத் தெலுங்கரையும் ஒடியரையும் தமிழரையும் கூட்டி வந்தார்கள். ஊர் திரும்பிய பிறகும் தாத்தாவின் இருமல் நிற்கவில்லை. வீட்டில் அதற்கு ‘உமி இருமல்’ என்றே பெயர்.

செட்டியார்களின் பணத்துக்குக் கணக்கு இருக்கிறது. 1929-30இல் பர்மா வங்கித் தொழில் விசாரணைக் குழு அவர்கள் முதலை 75 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. மந்தத்தில் நெல்விலை விழுந்தது. கடன்பட்ட உழவர்களின் நிலம் கைமாறியது. கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம் 1930களின் இறுதிக்குள் 25 சதவீதமானது. நிலம் இழந்தவனின் கோபம், கடன் கொடுத்தவரையும் உமி தள்ளியவனையும் பிரித்துப் பார்க்கவில்லை. இருவரும் ‘கலா’க்கள்தான்.

1942இல் ஜப்பானியர் வந்தபோது சுமார் 5 லட்சம் இந்தியர் வெளியேறினார்கள். பணம் உள்ளவர்களுக்குக் கப்பலில் இடம் கிடைத்தது. மற்றவர்களில் பெரும்பாலோர் மலையும் காடும் கடந்து நடந்தார்கள், வழியிலேயே பல்லாயிரம் பேர் செத்தார்கள். 1960களில் ஆலைகளும் கடைகளும் அரசுடைமையானபோது மறுபடியும் ஒரு வெளியேற்றம். நிலம் வைத்திருந்தவர்கள் பத்திரத்தைக் காட்டி இழப்பீடு கேட்டார்கள். உலையடியில் நின்றவனிடம் காட்ட எந்தக் காகிதமும் இல்லை.

இன்றும் ஐராவதி டெல்டாவின் கிராம ஆலைகள் பலவற்றில் உமியிலிருந்து எடுக்கும் வாயுவில் எஞ்சின் ஓடுகிறது. உமிக்கு அங்கே மதிப்பு குறையவில்லை. உங்கள் வீட்டில் பர்மா போனவர் இருந்தால், எந்த ஊர் என்பதோடு நிறுத்தாமல் என்ன வேலை என்றும் கேட்டு எழுதி வையுங்கள்.