பைக்கடிகாரம் மணிக்கட்டுக்கு வந்த வரலாறு

பழைய பைக்கடிகாரங்களைத் திருத்தி, அவற்றின் இயந்திரத்தைப் புதிய கூட்டினுள் அமைத்துக் கைக்கடிகாரமாக்கும் வழக்கம் இன்று பல நாடுகளிலும் காணப்படுகின்றது. இதனைப் பழமைக்கு மறுவாழ்வு அளித்தல் என்பர் ஒரு சாரார். பழமையை அழித்தல் என்பர் மறுசாரார். இவ்வழக்கை விசாரிக்கப் புகும் வரலாற்று மாணவர் முதற்கண் மனங்கொள்ள வேண்டிய உண்மை ஒன்றுண்டு. ஆடவரின் கைக்கடிகாரம் பரவியதே இத்தகைய மாற்றத்தின் வழியாகத்தான்.

மணிக்கட்டில் கடிகாரம் அணிதல் 19ஆம் நூற்றாண்டில் பெண்களுக்குரிய அலங்காரமாகவே கருதப்பட்டது. நேப்பிள்ஸ் அரசி கரோலின் மூராவுக்காகப் பாரிஸ் நகரப் பிரெகே 1810இல் தொடங்கி 1812இல் முடித்த கடிகாரம் இதற்குப் பழைய சான்று. ஆடவரோ கடிகாரத்தைச் சங்கிலியிற் கோத்து, கோட்டின் உள்ளே அணியும் கையில்லாச் சட்டையின் பையில் இட்டனர். அவ்வகையில் பைக்கடிகாரம் மேனாட்டு உடைக்கென்றே அமைந்த பொருளாகும். வேட்டிக்கும் சாரத்துக்கும் பை ஏது? காந்தியடிகள் தம் கடிகாரத்தை இடுப்பிலே தொங்கவிட நேர்ந்ததும் அதனாலேயே.

ஆடவரின் கூச்சத்தைப் போக்கியது போர். 1899 தொடக்கம் 1902 வரை நடைபெற்ற போயர் யுத்தத்தில், ஒரு கையில் கடிவாளமும் மறு கையில் துப்பாக்கியும் பிடித்த வீரன் பையைத் துழாவி நேரம் பார்த்தல் இயலாத காரியம். எனவே தோலினாற் கிண்ணம்போலச் செய்து, அதனுள் பைக்கடிகாரத்தை அப்படியே பொருத்தி, வாரினாற் கையிற் கட்டிக்கொண்டனர். (அப்போரிற் சிறைப்பட்ட போயர்களுள் சில ஆயிரவர் 1900 முதல் நமது தியத்தலாவையில் அடைத்துவைக்கப்பட்டிருந்தமை இவ்விடத்து நினைக்கத்தக்கது.) 

அடுத்து வந்த முதலாம் உலகப்போர் இத்தேவையைப் பன்மடங்காக்கிற்று. 1916ஆம் ஆண்டுச் சோம் போர்க்களத்தில் பீரங்கிக் குண்டுகளின் திரை குறித்த நிமிடந்தோறும் முன்னே நகர, காலாட்படை அதன் பின்னாற் செல்லவேண்டியிருந்தது. ஒரு நிமிடம் முந்தினால் தம்மவர் குண்டு. பிந்தினால் எதிரியின் துப்பாக்கி. சிறிய பைக்கடிகாரக் கூட்டின் இருபுறமும் கம்பி வளையங்களைப் பற்றாசு வைத்து ஒட்டி, அவற்றில் வாரைக் கோத்து உருவான 'பதுங்குகுழிக் கடிகாரம்' அக்காலத்தின் குழந்தை. இதனைச் செய்தோர் பெரும்பாலும் பெயர் தெரியாத தொழிலாளரே. கடிகார வரலாறுகள் அரசியரையும் நிறுவனங்களையும் புகழுமளவுக்கு இவர்களைப் பேசுவதில்லை என்பது எம் குறை.

மாற்றும் கலையின் நுட்பம் ஒன்றை ஈண்டு விளக்குதல் தகும். பைக்கடிகாரம் இருவகைப்படும். மூடியில்லாத வகையிற் சாவி கொடுக்கும் குமிழ் 12 என்னும் எண்ணுக்கு மேலே இருக்கும். செக்கன் முள்ளின் சிறுவட்டம் நேரெதிரே 6இல் அமையும். மூடியுள்ள வேட்டைக் கடிகாரத்திலோ குமிழ் 3இன் பக்கத்திலும் சிறுவட்டம் 6இலும் அமையும். கைக்கடிகாரத்துக்குக் குமிழ் 3இன் பக்கத்தில் இருத்தலே வசதி. ஆதலால் மூடியுள்ள வகையின் இயந்திரம் மாற்றத்துக்கு இயல்பாகவே பொருந்தும். மற்றையதைத் திருப்பி வைத்தாற் செக்கன் வட்டம் 9இன் பக்கம் போய்விடும். புதிய முகப்பும் வேண்டும். 1939இல் போர்த்துக்கேய வணிகர் இருவர் துல்லியமான பெரிய கைக்கடிகாரம் கேட்டபோது, சுவிற்சர்லாந்தின் ஐ.டபிள்யூ.சி. நிறுவனம் தன் மூடிவகைப் பைக்கடிகார இயந்திரத்தையே எடுத்துக் கூட்டினுள் வைத்துக் கொடுத்தது. இன்று செல்வர் நாடும் 'போர்த்துகீசர்' வகையின் தோற்றம் இதுவே.

ஆயினும் பையில் ஆறுதலாகக் கிடந்த இயந்திரம் கையில் ஏறும்போது துன்பமும் ஏறுகின்றது. அதிர்ச்சியைத் தாங்கும் இன்காப்ளொக் அமைப்பு 1930களிலேயே வந்தது. அதற்கு முந்திய இயந்திரங்களில், கை சுவரில் மோதினாற் சமன்சில்லின் மெல்லிய அச்சுமுனை ஒடிந்துபோகலாம். வியர்வையும் தூசியும் வேறு. பெரியநீலாவணை தொடக்கம் கல்முனை, சாய்ந்தமருது ஈறாக நீளும் எங்கள் கரையோரத்தில் உப்புக்காற்று இரும்பைத் தின்னும் விதத்தை யாவரும் அறிவர். மணிக்கூட்டின் உருக்கு வில்லும் திருகாணியும் அதற்கு விலக்கல்ல. புதிய கூடு நீர் புகாததாக இருந்தாலன்றி இவ்வியந்திரங்கள் இங்கு நிலைப்பது அரிது. போர்க்காலக் கடிகாரங்களின் ஒளிரும் எண்களில் ரேடியம் கலந்திருந்தது. அவ்வொளி மங்கியிருப்பினும் ரேடியம் பாதியாகக் குறைய ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் செல்லும்; அதனைச் சுரண்டித் துடைப்பவர் நுரையீரலுக்கே கேடு.

இனி வழக்கின் மையத்துக்கு வருவோம். பழைய இயந்திரங்கள் பல இன்று கூடின்றிக் கிடப்பதற்குக் காரணம் பொன்னாசை. 1980 சனவரியில் தங்கம் அவுன்சு 850 டொலரை எட்டியது போன்ற காலங்களிற் பொற்கூடுகளும் வெள்ளிக்கூடுகளும் உருக்கப்பட்டன. உள்ளிருந்த இயந்திரம் குப்பையெனத் தள்ளப்பட்டது. அத்தகைய அனாதை இயந்திரத்துக்குப் புதுக்கூடு அமைப்பவரைக் குறைகூற எமக்கு மனமில்லை.

முழுமையாக எஞ்சிய கடிகாரத்தைப் பிரிப்பது வேறு. சென்னை மவுண்ட் ரோட்டில் இருந்த பி. ஓர் அன்ட் சன்ஸ், பம்பாயிலும் கல்கத்தாவிலும் வணிகஞ்செய்த வெஸ்ட் எண்ட் வாச் கம்பனி போன்றவை ஐரோப்பாவில் ஆக்கப்பட்ட கடிகாரங்களின் முகப்பிலே தம் பெயரையும் ஊரையும் பொறித்து விற்றன. அம்முகப்பு சாசனம் போன்றது. எவ்வூரிற் செய்த பொருள் எவ்வூர்க் கடைவழியே நம்மவர் கைக்கு வந்தது என்பதற்கு அதுவும் கூட்டின் உட்புறத்து முத்திரையுமே சாட்சி. இந்தியச் சந்தையிற் பழைய முகப்பைச் சுரண்டிப் புதிதாக வண்ணம் தீட்டி விற்கும் பழக்கம் பெருகியிருப்பது வருந்தத்தக்கது. கல்வெட்டைக் கொத்திப் படிக்கல்லாக்கியவருக்கும் இவர்களுக்கும் வேறுபாடு காணோம்.

போயர் யுத்த வீரன் தன் கடிகாரத்தை வெட்டவில்லை. வேண்டியபோது தோற்கிண்ணத்திலிருந்து எடுத்து மீண்டும் பையில் இட்டான். இக்காலத்தும் இயந்திரத்தின் தட்டை அராவாமலும் துளையிடாமலும் புதுக்கூட்டிற் பொருத்தி, பழைய கூட்டையும் முகப்பையும் பத்திரமாக உடன்கொடுக்கும் தொழிலாளர் உளர். அமெரிக்க வால்தம், எல்ஜின் இயந்திரங்களாயின் தட்டிற் பொறித்த தொடரிலக்கத்தைக் கொண்டு ஆக்கிய ஆண்டை ஏறக்குறைய அறியலாம். அவ்விலக்கத்தைப் புதுக்கூட்டின் உட்புறத்திலும் பொறித்துவைத்தால், பிரிந்த இரண்டும் என்றேனும் ஒன்றுசேர வழியுண்டு.