பேராக்கில் கடவுள் வழக்கு: மெய்ப்பிக்க வேண்டியவர் யார்?

கடவுள் உண்டா இல்லையா என்ற வாதத்தில் மெய்ப்பிக்கும் பொறுப்பு யாருடையது என்பது தமிழில் பழைய வினா. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் இயற்றிய சிவஞானபோதத்தின் முதல் நூற்பா, தோன்றி, நின்று, ஒடுங்கும் உலகைக் கொண்டு அதற்கு ஒரு முதல்வன் உண்டென நிறுவுகிறது. அவருடைய மாணவர் அருணந்தி சிவாசாரியார், சிவஞானசித்தியாரின் பரபக்கத்தில், கடவுளை மறுக்கும் உலகாயதரின் கட்சியை முதலில் எடுத்துரைத்துப் பிறகு மறுத்தார். உண்டு என்பவரே காரணம் காட்டக் கடமைப்பட்டவர் என்ற முறை அதில் அடங்கியிருந்தது.

மலாயாவின் பேராக் மாநிலத்துப் பால்மரத் தோட்டங்களுக்கு, ஆள்சேர்க்கும் கங்காணிகள் வழியே வந்த தமிழ்த் தொழிலாளர்கள் இந்த நூல்களைச் சுமந்து வரவில்லை. தங்கள் குடியிருப்பு வரிசைகளான லயங்களின் அருகே மாரியம்மனுக்கும் முனியாண்டிக்கும் கோயில் எழுப்பினார்கள். காய்ச்சல் தணிந்தால் நேர்த்திக்கடன் செலுத்தினார்கள். அவர்களுக்கு அனுபவமே சான்று. சான்று கேட்டவர் எவருமில்லை.

அந்தக் கேள்வி 1929 டிசம்பரில் பேராக்கின் ஈப்போ நகருக்கு வந்தது. 1925இல் சுயமரியாதை இயக்கத்தைத் தொடங்கிய பெரியார் ஈ.வெ.ரா., அங்கு நடந்த அகில மலாயா தமிழர் மாநாட்டில் கலந்துகொண்டார். உண்டு என்பவரே மெய்ப்பிக்கட்டும் என்பது சுயமரியாதைக்காரர் நிலை. காணாததால் மட்டும் இல்லையென்று ஆகிவிடாது என்பது பக்தர் தரப்பின் பதில். பிரிட்டனில் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1952இல், உண்டு என்பவரே மெய்ப்பிக்க வேண்டும் என்பதற்கு ஓர் உவமை சொன்னார்: சூரியனைச் சுற்றும், தொலைநோக்கிக்கும் அகப்படாத தேநீர்க் கெண்டி ஒன்று உண்டென ஒருவர் சொன்னால், அதைப் பொய்யென்று காட்டும் கடன் கேட்பவருக்கு இல்லை.

மலாயாவில் வாதம் தத்துவத்தைவிட நடைமுறையிலேயே சூடுபிடித்தது. புரோகிதர் இல்லாத திருமணம், உயிர்ப்பலி ஒழிப்பு, சாதி மறுப்பு ஆகியவற்றைச் சீர்திருத்தக்காரர்கள் முன்வைத்தார்கள். சடங்கால் பயன் உண்டென்றால், அதைக் காட்டும் பொறுப்பு அதற்குச் செலவிடச் சொல்பவருக்கு என்று வினா உருமாறியது.

1970 ஆகஸ்டு 31இல் அறிவிக்கப்பட்ட மலேசியாவின் தேசியக் கோட்பாடான ருக்குன் நெகாரா, இறைவன் மீது நம்பிக்கையை முதல் கோட்பாடாக வைத்தது. நாட்டின் பொதுவாழ்வில் நம்பிக்கை இவ்வாறு விவாதத்துக்கு அப்பாற்பட்ட தொடக்கமாயிற்று.

பொறுப்பு என்ற சொல் சட்டத்திலும் உண்டு. மலேசியாவின் 1950ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டத்தின் 101ஆம் பிரிவுப்படி, ஓர் உரிமையைக் கோருபவர் அதற்கு ஆதாரமான செய்திகளை மெய்ப்பிக்க வேண்டும். தோட்டங்கள் கைமாறி, செம்பனையாகவும் குடியிருப்பாகவும் மாறியபோது, நிலப் பத்திரம் இல்லாத பல கோயில்கள் இந்த விதியை எதிர்கொண்டன. அங்கே வழக்கு தெய்வத்தைப் பற்றியதன்று. தெய்வம் நிற்கும் நிலத்தைப் பற்றியது.