தேடுவோர்க்கு அகப்படாத நூல்கள்

ஹிஜ்ரி 377இல் (கி.பி. 987) பக்தாதின் நூல் வணிகர் இப்னு அந்நதீம் ‘அல்ஃபிஹ்ரிஸ்த்’ என்னும் நூற்பட்டியலைத் தொகுத்தார். பதினேழாம் நூற்றாண்டில் ஹாஜி கலீஃபா, தமது ‘கஷ்ஃபுள் ளுனூன்’ நூலில் 14,000க்கு மேற்பட்ட நூற்பெயர்களை அகரவரிசைப்படுத்தினார். ஒன்பது ஹதீஸ் தொகுப்புகளுக்கான சொல்லடைவு, வேர்ச்சொல் வரிசையில், லைடன் நகரிலிருந்து 1936 முதல் 1969 வரை ஏழு தொகுதிகளாக வெளிவந்தது. நூலைச் சேர்ப்பதற்கு இணையான பணி, தேடுவோர்க்கு வழிகாட்டுவது என்பதை இம்முயற்சிகள் உணர்த்துகின்றன.

மின்நூலகங்களுக்கும் இதுவே அளவுகோல். 1960களில் இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டில் சிரில் கிளெவர்டன் நடத்திய சோதனைகள், தேடலை மதிப்பிட இரு வினாக்களை நிலைநாட்டின. தேவையானவற்றுள் எத்தனை கிடைத்தன? கிடைத்தவற்றுள் எத்தனை தேவையானவை? விரைவு இவற்றுக்குப் பிந்தியதே.

இவ்வினாக்களைத் தமிழ் மின்நூலகங்களிடம் கேட்போம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் நூல்களை எழுத்து வடிவில் உள்ளிட்டு வழங்குகிறது. ஆகவே நூலினுள் ஒவ்வொரு சொல்லையும் தேடலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்திலோ பெரும்பாலானவை பக்கப் படிமங்கள். நூற்பெயர், ஆசிரியர் முதலிய அட்டவணைக் குறிப்புகளே அங்கு வழிகாட்டி. முன்னதில் ஆழம் மிகுதி. பின்னதில் பரப்பு மிகுதி.

எனினும், இஸ்லாமிய இலக்கியம் தேடுவோர்க்கு இரண்டிலும் ஒரு தடை காத்திருக்கிறது. முசிறியில் பயிலும் ஒரு மாணவர், 5027 பாடல்கள் கொண்ட சீறாப்புராணத்தில் ‘கதீஜா’ எனத் தேடுவதாகக் கொள்வோம். அங்கே படலத்தின் பெயரோ ‘கதீசா கனவு கண்ட படலம்’. ‘ஹலீமா’ என்பாரை ‘அலிமா’ என்ற வடிவிலேயே காண வேண்டும். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கணினி, இருப்பதையே இல்லை என்றுவிடும். அட்டவணையிலும் முஹம்மது, முகம்மது, முகமது என்னும் எழுத்து வேறுபாட்டால் ஓர் ஆசிரியரே மூவராகப் பிரிந்துவிடக் கூடும். அரபுத்தமிழ் நூல்களின் நிலை இன்னும் கடினம். தமிழ்ப் பெயரையும் அரபு எழுத்தையும் இணைத்து அட்டவணையிட்டாலன்றி அவை வெளிப்படா.

அரபுத் தேடுமுறைகள் உயிர்க்குறிகளையும் ஹம்ஸா வேறுபாடுகளையும் பொருட்படுத்தாது தேடும் வசதி கொண்டுள்ளன. தமிழுக்கும் அத்தகைய வசதி வேண்டும்; ஒரு பெயரின் எல்லா வடிவங்களையும் ஒன்றாகப் பிணைக்கும் பெயரடைவு வேண்டும். இது கணினி அறிஞரால் மட்டும் முடியும் பணியன்று. ‘கதீசா’வில் வரும் சகரம் அரபியின் ஜீம் என்பதை அறிந்தவர் அதைச் சொல்லியாக வேண்டும். அரபுக் கல்லூரிகள் இதனைத் தம் கடமையாக ஏற்காவிடில், நம் முன்னோரின் நூல்கள் மின்நூலகத்தில் இருந்தும் இல்லாதவையே ஆகும்.