தேற்றரவு

காரைக்கால் தேவாலயத்துக்குப் பெயர் இரண்டு. 1739இல் தஞ்சை மராத்தியரிடமிருந்து ஊரைப் பெற்ற பிரெஞ்சுக்காரர் மரபில் அது தேவதூதர்களின் அன்னை ஆலயம். ஊரார் நாவிலோ தேற்றரவு மாதா கோயில். ஒன்று மற்றதன் மொழிபெயர்ப்பு அல்ல.

தேறு தன்வினை, தேற்று பிறவினை. ஆறு, ஆற்று போல. ஆற்றுவது சூட்டைத் தணிப்பது, தேற்றுவது கலங்கியதைத் தெளியவைப்பது. தெளிந்த கள் தேறல் ஆனதும், ஐயமற்ற உறுதியைக் காட்டும் ஏகாரம் தேற்றேகாரம் ஆனதும் இந்த வேரில்தான். இறுதியிலுள்ள 'அரவு' பாம்பு அன்று. தோற்றரவு, கூட்டரவு என்பவற்றில் வரும் விகுதி. புராட்டஸ்டன்ட் விவிலியம் தூய ஆவியைத் தேற்றரவாளன் என்றது. காரைக்கால் கத்தோலிக்கர் அச்சொல்லால் தாயை அழைத்தார்கள்.

தேற்றாங்கொட்டையை விட்டுவிட்டால் சொல் பாதிதான் விளங்கும். ஆடிப் புதுவெள்ளம் ஆற்றில் செங்கலங்கலாய் வரும். முன்பெல்லாம் குடத்தின் உட்புறத்தில் இந்தக் கொட்டையை உரைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றி வைப்பார்கள். வண்டல் அடியில் படிந்துவிடும். அது மறைவதில்லை, குடத்துக்குள்ளேயே கிடக்கும். ஆனாலும் மேல்நீரைக் குடிக்கலாம். பெருந்தீமை செய்தவனை மன்னித்தால் நடந்ததையே இல்லையென்றதாகிவிடுமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். எனக்கும் அந்த அச்சம் இருந்தது. அதைப் போக்கியது இந்தக் கொட்டைதான்.

கத்தோலிக்கச் செபத்தில் மன்னிப்புக்குப் பொறுத்தல் என்ற சொல் உண்டு. நல்ல சொல்தான். ஆனால் பொறுப்பது சுமப்பது, சுமப்பவர் ஒருவரே. தேற்றுவதற்கோ இருவர் வேண்டும், தேற்றுபவரும் தேறுபவரும்.

பிரெஞ்சுக்காரர் இட்ட பெயருக்குள்ளும் மன்னிப்பு இருக்கிறது. தேவதூதர்களின் அன்னை என்ற பெயரால் புகழ்பெற்றது இத்தாலியில் அசிசியை அடுத்த ஒரு சிற்றாலயம். அங்கே புனித பிரான்சிஸ் பாவிகளுக்காக வேண்டிப் பெற்றதாக மரபு சொல்லும் 'அசிசியின் மன்னிப்பு' ஆண்டுதோறும் ஆகஸ்ட் 2 அன்று நினைவுகூரப்படுகிறது.

அந்தப் பிரான்சிஸின் வழியில் வந்த கிளாரிஸ்ட் சபைத் துறவி, கேரளத்து ராணி மரியா. மத்தியப் பிரதேசத்தில் ஏழை உழவர்களுக்காகவும் பழங்குடியினருக்காகவும் உழைத்தவர். 1995 பிப்ரவரி 25 அன்று, பயணம் செய்த பேருந்திலேயே கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். உடலில் 54 காயங்கள்.

தங்கை செல்மி பாலும் துறவிதான். 2002இல் சிறைக்குச் சென்று, அக்காவைக் கொன்றவனின் கையில் ராக்கி கட்டினார், உடன்பிறந்தவனாக ஏற்றார். அவனை விடுவிக்கும்படி குடும்பத்தாரும் மனுச் செய்தார்கள். குற்றம் குற்றமாகவே இருந்தது, தீர்ப்பும் பொய்யாகவில்லை. 2006இல் விடுதலையானவர், எந்தப் பொருளில் பார்த்தாலும் தேறிய மனிதர்.

2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் ராணி மரியாவுக்கு அருளாளர் பட்டம் வழங்கப்பட்டது. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அவருடைய கல்லறைக்கு வந்து வணங்கிச் சென்றவர்களில் அந்த மனிதரும் ஒருவர்.