கார் முகாம் மின்சாரம்: பவர் ஸ்டேஷனும் சூரியத்தகடும்

காரை முகாமிடம் வரைக்கும் ஓட்டிச் சென்று, பக்கத்தில் கூடாரம் அடித்தோ காருக்குள்ளேயே படுத்தோ இரவு தங்குவது கார் முகாம். வட அமெரிக்காவில் இது பரவலான விடுமுறைப் பழக்கம். இப்படித் தங்கும்போது விளக்கு, சிறு குளிர்பெட்டி, கைப்பேசி, மடிக்கணினி, உறக்க மூச்சுக்கருவி ஆகியவற்றுக்கு மின்சாரம் தர இப்போது இரண்டு பொருள்கள் சேர்ந்தே பயன்படுகின்றன. ஒன்று, லித்தியம் மின்கலங்களையும் இன்வெர்ட்டரையும் ஒரே பெட்டியில் அடக்கிய பவர் ஸ்டேஷன். மற்றது, வெயிலைக் கொண்டு அதற்கு மின்னேற்றும், சோலார் பேனல் எனப்படும் சூரியத்தகடு. முதுகுப்பையோடு மலையேறுபவருக்கு இந்தப் பெட்டியால் பயனில்லை. பத்துப் பன்னிரண்டு கிலோ எடையைக் கார் சுமப்பதால்தான் இந்த ஏற்பாடு நடக்கிறது.

தொடக்க கால வரலாறு

முகாமுக்கு மின்கலத்தைக் கொண்டுபோவது லித்தியம் காலத்துப் புதுமை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஏறத்தாழ கார் முகாமைப் போலவே பழையது. தாமஸ் ஆல்வா எடிசன், ஹென்றி ஃபோர்டு, டயர் உற்பத்தியாளர் ஹார்வி ஃபயர்ஸ்டோன், இயற்கை எழுத்தாளர் ஜான் பரோஸ் (1921இல் மறையும்வரை) ஆகியோர் 1910களின் நடுவிலிருந்து 1924 வரை கோடையில் கார்களில் முகாம் சென்றார்கள். ‘நாடோடிகள்’ என்று தங்களுக்குத் தாங்களே பெயரும் வைத்துக்கொண்டார்கள். சமையற்காரர், பணியாளர்கள், தனிச் சமையல் வண்டி என்று பரிவாரம் பெரிது. 1921இல் மேரிலாந்தில் அடித்த முகாமுக்குக் குடியரசுத் தலைவர் வாரன் ஹார்டிங்கே வந்து தங்கினார். அந்த முகாம்களில் எரிந்த மின்விளக்குகளுக்கு எடிசனின் சேமிப்பு மின்கலங்களே மின்சாரம் தந்தன.

எடிசன் தமது நிக்கல்-இரும்பு மின்கலத்தை மின்சாரக் கார்களுக்காகவே உருவாக்கினார். பல ஆண்டுத் திருத்தங்களுக்குப் பிறகு அது நம்பத்தக்க வடிவில் சந்தைக்கு வந்தபோது, 1908இல் வெளிவந்த ஃபோர்டின் மாடல் டி பெட்ரோல் கார் மின்சாரக் கார்களின் சந்தையை விழுங்கத் தொடங்கியிருந்தது. அந்த மின்கலத்தின் வெளிச்சத்தில் ஃபோர்டு இரவு உணவு உண்டார் என்பதை வரலாற்றின் குறும்பு என்றுதான் சொல்லவேண்டும்.

சாதாரண மக்களுக்கு இந்த வசதி கிட்டவில்லை. 1914இல் வந்த கோல்மன் நிறுவனத்தின் பெட்ரோல் விளக்கே பல பத்தாண்டுகளுக்கு அமெரிக்க முகாம்களின் வெளிச்சம். ஆனால் 1912இல் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் தொடக்கி கேடிலாக் காரில் பொருத்தப்பட்டது. கைப்பிடியைச் சுழற்றாமலே இயந்திரம் கிளம்பியது. அதன்பின் கார்களில் மின்கலமும் அதற்கு மின்னேற்றும் கருவியும் படிப்படியாக இயல்பாயின. காரிலிருந்து மின்சாரம் எடுக்கும் பழக்கம் அங்கே தொடங்குகிறது. அந்தக் கார்களில் இருந்த ஈய-அமில மின்கல வகையைக் கண்டுபிடித்தவர் பிரான்சின் கஸ்தோன் பிளாந்தே, ஆண்டு 1859.

சூரியத்தகட்டின் கதை வேறு வழியில் வந்தது. ஒளிபட்டால் மின்சாரம் பிறக்கும் என்பதை 1839இல் எட்மோன் பெக்கரெல் கவனித்தார். 1883இல் சார்லஸ் ஃப்ரிட்ஸ் செலினியத்தின்மேல் மெல்லிய பொன் படலம் பூசிச் செய்த கலம், விழுந்த ஒளியில் ஏறத்தாழ ஒரு விழுக்காட்டையே மின்சாரமாக மாற்றியது. 1954 ஏப்ரலில் பெல் ஆய்வகத்தின் டாரில் சேப்பின், கால்வின் ஃபுல்லர், ஜெரால்டு பியர்சன் மூவரும் காட்டிய சிலிக்கான் கலம் சுமார் ஆறு விழுக்காட்டை எட்டியது. விலையோ யாரும் கிட்டே போக முடியாதது. எனவே அது முதலில் விண்வெளிக்குப் போயிற்று. 1958இல் ஏவப்பட்ட வான்கார்டு-1 செயற்கைக்கோளில் இருந்த வேதி மின்கலம் விரைவிலேயே தீர்ந்துபோக, சூரியக் கலங்களால் இயங்கிய ஒலிபரப்பி 1964 வரை பேசியது.

தரைக்கு அதைக் கொண்டுவந்தவர் எலியட் பெர்மன். அவர் 1973இல் தொடங்கிய சோலார் பவர் கார்ப்பரேஷன், வாட்டுக்கு நூறு டாலர் அளவில் இருந்த விலையை இருபது டாலருக்கு இறக்கியது. இதற்குப் பணம் போட்டது எக்ஸான் எண்ணெய் நிறுவனம். அதே எக்ஸானில் அதே ஆண்டுகளில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் டைட்டானியம் டைசல்ஃபைடைக் கொண்டு மறுமின்னேற்ற லித்தியம் மின்கலத்தை உருவாக்கிக்கொண்டிருந்தார். முகாமிலிருந்து பெட்ரோல் ஜெனரேட்டரைத் துரத்திய இரண்டு பொருள்களுக்குமே பெட்ரோல் விற்ற பணம் உரமாகியிருக்கிறது. பின்னாளில் எக்ஸான் இரண்டையுமே கைவிட்டது.

லித்தியமும் இரும்பும்

1980இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்இனஃப் குழுவினர் லித்தியம் கோபால்ட் ஆக்சைடை நேர்மின்முனையாக்கினர். 1985இல் ஜப்பானில் அகிரா யோஷினோ அதற்கேற்ற கார்பன் எதிர்முனையைச் சேர்த்தார். 1991இல் சோனி நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விட்டிங்ஹாம், குட்இனஃப், யோஷினோ மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அப்போது குட்இனஃபுக்கு வயது 97. அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரை நிகழ்த்தியவர், தமிழ்நாட்டின் அமராபுரம் என்ற சிற்றூரில் பிறந்து, மதுரைப் பல்கலைக்கழகத்திலும் சென்னை ஐஐடியிலும் படித்த ஆறுமுகம் மந்திரம்.

முகாம் பெட்டிக்கு மந்திரத்தோடு நேரடி உறவு உண்டு. கோபால்ட் விலை மிகுந்தது, சூடேறினால் ஆக்சிஜனை விடுவித்து எரியக்கூடியது. இரும்பு மலிவு. ஆனால் வெறும் இரும்பு ஆக்சைடில் மின்னழுத்தம் 2.5 வோல்ட்டைத் தொடுவதில்லை. ஆக்சைடுக்குப் பதில் சல்ஃபேட் தொகுதியை வைத்தால் அதே இரும்பு 3.6 வோல்ட் தரும் என்று 1980களின் இறுதியில் மந்திரமும் குட்இனஃபும் காட்டினார்கள். அந்தத் தடத்தில், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் அக்ஷய பாதி, நஞ்சுண்டசுவாமி, குட்இனஃப் ஆகியோர் 1997இல் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டை அறிவித்தனர். பாஸ்பரஸ் ஆக்சிஜனை இறுகப் பிடித்துக்கொள்வதால் இது எளிதில் தீப்பிடிப்பதில்லை. எடைக்கு எடை, நிக்கல்-கோபால்ட் வகையைவிடக் குறைவாகவே சேமிக்கும். கார் சுமக்கும் பெட்டிக்கு அது ஒரு குறையே அல்ல. நிக்கல்-கோபால்ட் பெட்டிகள் ஐந்நூறு முதல் எண்ணூறு மின்னேற்றச் சுற்றுகளில் தளர்வதாகக் குறிக்கப்பட, இது மூவாயிரம் சுற்றுக்கு மேலும் எண்பது விழுக்காடு கொள்ளளவைக் காக்கிறது. ஆகவே முகாமுக்கு ஏற்றது இதுவே.

ஜெனரேட்டரிலிருந்து பெட்டிக்கு

எடிசனுக்கும் இன்றைய பெட்டிக்கும் நடுவே அரை நூற்றாண்டு, ஜெனரேட்டரின் இரைச்சல் காலம். ஹோண்டா 1965இல் இ300 என்ற சிறு ஜெனரேட்டரை வெளியிட்டது. தூக்கிச் செல்லத்தக்க அதுவும் அதன் வழிவந்தவையும் முகாம்களை ஆக்கிரமித்தன. அமெரிக்கத் தேசியப் பூங்கா விதிகள் இத்தகைய கருவிகளின் ஒலியை ஐம்பது அடி தூரத்தில் 60 டெசிபலுக்குள் அடக்கின. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அளவுமீறிய ஓசைக்குத் தடையும் உண்டு. ஓசையைவிடக் கொடியது வாசனையற்ற கார்பன் மோனாக்சைடு. கூடாரத்துக்கோ கார்க் கதவுக்கோ அருகில் ஜெனரேட்டரை ஓடவிட்டுத் தூங்கியவர்கள் எழுந்திருக்காமலே போனதுண்டு.

இரைச்சலை விரும்பாதவர்கள் ஆழ்மின்னிறக்க ஈய மின்கலத்தை ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, இன்வெர்ட்டரைத் தாங்களே கம்பியால் இணைத்துக்கொண்டார்கள். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி மின்கலம் சுமார் முப்பது கிலோ. அதிலும் பாதிக்குமேல் இறக்கினால் ஆயுள் கெடும். அரிசோனாவின் குவார்ட்ஸ்சைட் பாலைவனத்தில், கூட்டரசு நில நிர்வாகம் 1983 முதல் குளிர்காலம் முழுதும் தங்க அனுமதிக்கும் இடங்களில், வண்டிவீட்டு முதியவர்கள் கூரைமேல் சூரியத்தகடு பொருத்தி இம்முறையை முதிரச் செய்தார்கள். இந்தப் பாட்டன் பாட்டிகளுக்குத் துறை கடன்பட்டிருக்கிறது, ஆனால் எந்த விளம்பரத்திலும் அவர்கள் இல்லை.

எல்லாவற்றையும் ஒரே பெட்டியாக்கி விற்றதில் முன்னோடி யூட்டா மாநிலத்தின் கோல் ஜீரோ, தொடக்கம் 2009. அதன் தொடக்க காலப் பெட்டிகளில் ஈய மின்கலமே இருந்தது. யெட்டி 1250 என்ற பெரிய பெட்டி ஏறத்தாழ 47 கிலோ, உருட்டிச் செல்ல வண்டி வேண்டும். பிறகு ஜாக்கரி, ஈக்கோஃப்ளோ, புளூட்டி முதலியவை லித்தியத்தோடு வந்தன. 2022இல் வெளியான ஈக்கோஃப்ளோ டெல்ட்டா-2 இரும்பு பாஸ்பேட் பெட்டி 1,024 வாட்-மணி சேமிக்கிறது, எடை 12 கிலோ.

கணக்கு

பெட்டியில் எழுதியிருக்கும் வாட்-மணி முழுதும் கைக்கு வராது. இன்வெர்ட்டர் இழப்பு போக 85 விழுக்காடு கிடைத்தால் நல்லது. 1,024 வாட்-மணிப் பெட்டியில் அது சுமார் 870. இரண்டு பேர் முகாமில் 12 வோல்ட் குளிர்பெட்டி நாளொன்றுக்கு 400 வாட்-மணி இழுக்கும், வெயிலில் இன்னும் கூடும். விளக்கு, இரண்டு கைப்பேசி, ஒரு மடிக்கணினி சேர்ந்து 115. ஆக நாளுக்கு 515. வெள்ளி மாலை போய் ஞாயிறு பகலில் திரும்புவோருக்குப் பெட்டி மட்டுமே போதும். தகடு வீண் சுமை. வழியில் காரின் 12 வோல்ட் துளையில் செருகி நான்கு மணி நேரம் ஓட்டினாலே 400 வாட்-மணி ஏறும்.

குளிர்பெட்டியை இன்வெர்ட்டர் வழியாக ஓட்டாமல் நேராக 12 வோல்ட் துளையில் செருகுவதே சிக்கனம். சமையலுக்கு இந்தப் பெட்டி ஏற்றதன்று. ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்கச் சுமார் 110 வாட்-மணி போகும். 230 கிராம் பியூட்டேன் குப்பியில் ஏறத்தாழ 2,900 வாட்-மணி வெப்பம் இருக்கிறது. அடுப்பில் பாதி வீணானாலும் குப்பியே வெல்லும். கோடையில் தீமூட்டத் தடை உள்ள காடுகளில் காஸ் அடுப்புக்குப் பெரும்பாலும் விலக்கு உண்டு.

தகட்டின் மேல் எழுதிய வாட், சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளியும் 25 பாகை கல வெப்பமும் உள்ள ஆய்வகத்து அளவு. நல்ல வெயிலில் கலம் 65 பாகைக்குச் சூடேறும். பாகைக்கு 0.35 விழுக்காடு குறைந்து, சுமார் 14 விழுக்காடு அங்கேயே போய்விடும். சாய்வு, தூசி, கம்பி இழப்பும் சேர, 100 வாட் தகடு 70 வாட் தருவதே இயல்பு. ஐந்து மணி நேர முழு வெயிலுக்கு 350 வாட்-மணி. மேற்கண்ட செலவுக்கு நாளுக்கு 165 குறைகிறது. அந்தக் குறையைப் பெட்டி ஐந்து நாள் தாங்கும். 200 வாட் தகடு இருந்தால் வெயில் உள்ளவரை தங்கலாம். ஆனால் அமெரிக்கப் பொதுநிலங்களில் ஓரிடத்தில் தங்கப் பெரும்பாலும் 14 நாளே அனுமதி.

கூடாரத்துக்கு நிழல் வேண்டும், தகட்டுக்கு வெயில் வேண்டும் என்பதுதான் நடைமுறைச் சிக்கல். கலங்கள் தொடராக இணைந்திருப்பதால் ஒரு கிளையின் நிழல் விழுந்தாலும் விளைச்சல் பெருமளவு சரியும். தகட்டை வெட்டவெளியில் விரித்து, நீளக் கம்பியால் நிழலிலுள்ள பெட்டிக்கு இணைப்பதே வழி. தகட்டுக்குப் பின்னால் பெட்டியை வைத்துவிட்டு, நிழல் நகர்ந்தபின் அது வெயிலில் வெந்து மின்னேற்றத்தை நிறுத்திவிட்டது என்று குறைசொல்வோர் உண்டு. தகடுகளைத் தொடராக இணைக்கும்போது வோல்ட் கூடும். 60 வோல்ட் வரை தாங்கும் பெட்டியில் 22 வோல்ட் தகடு மூன்றைத் தொடராகச் செருகினால் 66 ஆகி, உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுக் கருவி பழுதாகலாம். குளிர்ந்த காலையில் தகட்டின் வோல்ட் இன்னும் உயரும்.

உறைநிலைக்குக் கீழே லித்தியம் மின்கலத்துக்கு மின்னேற்றக் கூடாது, லித்தியம் உலோகமாகப் படிந்து கலம் கெடும். நல்ல பெட்டிகள் தாமே மறுத்துவிடும். குளிர்கால முகாமில் பெட்டியை இரவில் காருக்குள் வைத்திருப்பது அதனால்தான். விமானத்தில் 100 வாட்-மணிக்குமேல் உள்ள மின்கலத்துக்கு விமான நிறுவன ஒப்புதல் வேண்டும், 160க்குமேல் பயணியின் பையில் இடமே இல்லை. ஆகவே விமானத்தில் போய் வாடகைக் கார் எடுப்பவர் பெட்டியைப் போன இடத்தில்தான் தேடவேண்டும்.

இன்றைய நிலை

கலிஃபோர்னியா 2021இல் இயற்றிய சட்டத்தின் வழியே புதிய சிறு பெட்ரோல் ஜெனரேட்டர்கள் 2028 மாடல் ஆண்டுடன் அங்கே விடைபெறுகின்றன. சோடியம் அயனிப் பெட்டிகளும், 2021இல் வந்த ஹூண்டாய் அயோனிக் 5 போல வெளிக்கருவிகளுக்கு 3.6 கிலோவாட் வரை தரும் மின்சாரக் கார்களும் சந்தையில் உள்ளன.