தீப்பெட்டி ஆபீசும் மில் சங்கும்

கோவில்பட்டிப் பக்கம் ‘தீப்பெட்டித் தொழிற்சாலை’ என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. தீப்பெட்டி ஆபீஸ்தான். “எங்கக்கா ஆபீசுக்குப் போயிருக்கா” என்று ஒரு பிள்ளை சொன்னால், வெளியூர்க்காரர்கள் தாலுகா ஆபீஸ் என்று நினைத்துக்கொள்வார்கள். அங்கே ஒரு நாற்காலி, ஒரு மேசை, ஒரு கணக்குப்பிள்ளை. மற்றவர்கள் எல்லாரும் தரையில். ஆனாலும் அந்தப் பெயர் பொருத்தமானது என்றே சொல்வேன். அந்தக் கட்டடத்தை நடத்தியது கணக்குதான்.

நான் வங்கியில் கடன் பிரிவில் இருந்தவன். எண்பதுகளில் சரக்கு சரிபார்க்க மாதம் நாலைந்து ஆபீசுகளுக்குப் போவேன். அதே ஊரில் லாயல் மில், லட்சுமி மில் என்று பஞ்சாலைகளும் உண்டு. மில் சங்கு ஊதினால் தெருவே மணி பார்த்துக்கொள்ளும். சோறு வடிப்பது, பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையைக் கிளப்புவது எல்லாம் சங்கை வைத்துத்தான். மில்லில் விற்றது நேரம். எட்டு மணி நேர ஷிப்டு, அதற்குச் சம்பளம், பிராவிடண்ட் பண்டு, சங்கம், போனஸ் பேச்சு. மில்காரர் என்றால் பெண் கொடுப்பார்கள், பலசரக்குக் கடையில் பற்று வைக்க விடுவார்கள்.

தீப்பெட்டி ஆபீசில் சங்கு கிடையாது. பல இடங்களில் சுவர்க் கடிகாரமே கிடையாது. யார் எத்தனை மணிக்கு வந்தார், போனார் என்று யாரும் கேட்பதில்லை. கண்டிப்பில்லாத இடம் போலத் தோன்றும். ஆனால் மேஸ்திரி அதட்டிக்கொண்டிருந்த மில்லில் ஆள் நிமிர்ந்து பேசக் கண்டிருக்கிறேன். யாருமே அதட்டாத ஆபீசில் ஒருவரும் தலை தூக்கவில்லை. பள்ளம் வெட்டிய கட்டைகளில் குச்சிகளை ஒவ்வொன்றாகப் பரப்பி, அடுக்கி, சட்டத்தில் இறுக்கிக் கொடுத்தால் ஒரு சட்டத்துக்கு இத்தனை பைசா. பெட்டி அடைத்தால் குரோசுக்கு, அதாவது 144 பெட்டிக்கு, இத்தனை. விரல் நின்றால் காசு நின்றது. மேஸ்திரியை அவரவர் விரலுக்குள்ளேயே உட்கார வைத்துவிட்டார்கள்.

இந்தக் கணக்கு தீப்பெட்டியோடு வந்ததில்லை. கரிசல் காட்டில் பருத்தி எடுக்கப் போன பெண்களுக்கு எடுத்த பருத்தியில் ஒரு பங்குதான் கூலி. மடி நிறைந்தால் கூலி நிறையும். அந்தப் பழக்கத்தின் மேல்தான் தீப்பெட்டி வந்து உட்கார்ந்தது.

வந்த கதை பலருக்குத் தெரிந்ததுதான். 1920களின் தொடக்கத்தில் சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்றுத் திரும்பினார்கள். அதே காலத்தில், 1923இல், சுவீடன் கம்பெனி விம்கோவைத் தொடங்கி இயந்திரத்தில் தீப்பெட்டி செய்தது. சென்னை திருவொற்றியூரில் இன்றும் விம்கோ நகர் என்ற பெயர் இருக்கிறது. அந்த இயந்திரத்தோடு நம் ஆட்கள் போட்டியிட்டது கையாலும் வெயிலாலும். ஐப்பசி, கார்த்திகை தவிர மற்ற மாதங்களில் மழை எட்டிப் பார்க்காத பூமி. மருந்து முக்கிய குச்சியும் பசை தடவிய பெட்டியும் செலவில்லாமல் காய்ந்தன. மானாவாரி வெள்ளாமை பொய்த்த வீடுகளில் கைகளும் சும்மா கிடந்தன. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி என்று தொழில் பரவியது.

1934இல் தீப்பெட்டிக்குக் கலால் வரி வந்தது. பின்னால் பெரிய ஆலைக்கு ஒரு வரி, கையால் செய்யும் சிறிய இடத்துக்குக் குறைந்த வரி என்று சலுகை கொடுத்தார்கள். சிறியவர்களைக் காப்பாற்றிய சலுகைதான், மறுக்கவில்லை. ஆனால் சிறியதாகவே இருப்பது லாபம் என்று ஆகிவிட்டால் யார் பெரிதாவார்கள்? ஆள் ஐம்பது இங்கே, ஐம்பது அங்கே என்று பிரிந்து கிடந்த தொழிலில் மில்லைப் போலச் சங்கம் வேர்விடவில்லை. மழை பெய்து சரக்கு காயாவிட்டால் ஆபீசுக்கு லீவு. அந்த நாளின் நட்டம் முதலாளிக்குப் பாதி என்றால், சட்டம் அடுக்குகிறவளுக்கு முழுசு.

இனிச் சொல்வதுதான் எனக்கு முக்கியம். ஆபீசில் ஆளுக்கு ஒரு அட்டை. அன்றைக்கு அடுக்கிய சட்டத்தை அதில் குறிப்பார்கள். சில அட்டைகளில் எண்ணிக்கை மற்றதைவிட இரண்டு மடங்கு இருக்கும். அவ்வளவு வேகமா என்று ஒரு கணக்குப்பிள்ளையிடம் கேட்டேன். “அது மூணு கை சார்” என்றார். அம்மா பெயரில் அட்டை. அவள் இரு பக்கமும் மகள்கள், பெரியவளுக்குப் பத்து வயது இருக்கும். பதிவேட்டின்படி அந்த ஆபீசில் ஒரு சிறுமியும் இல்லை. அது பொய்க்கணக்கும் இல்லை. சட்டத்தை எண்ணுகிற கணக்குக்கு அது யார் விரல் என்று கேட்க வேண்டிய தேவை இல்லை, அவ்வளவுதான். எங்கள் வங்கிப் படிவமும் அப்படித்தான். மரம், குளோரேட், மெழுகு, அட்டை, முடிந்த சரக்கு என்று கட்டம் கட்டமாக இருக்கும். ஆளுக்குக் கட்டம் கிடையாது.

இத்தனைக்கும் பக்கத்து எட்டயபுரத்தில்தான் 1950களில் காமராஜர் பள்ளி மதிய உணவைத் தொடங்கிவைத்தார். பிள்ளையைப் பள்ளிக்கு இழுக்கச் சோறு ஒரு பக்கம், சட்டத்துக்கு இவ்வளவு என்று காசு மறு பக்கம்.

குருபாதசாமி குழு 1979இலேயே குழந்தைத் தொழிலாளர் பற்றி அறிக்கை கொடுத்தது. 1986இல் சட்டம் வந்தது. தீப்பெட்டி தடைப் பட்டியலில் இருந்தது. ஆனால் குடும்பத்தார் துணையோடு வீட்டில் செய்யும் வேலைக்கு அதில் விலக்கு. நம்மூர்க்காரர்களுக்கு அது போதாதா? பெட்டி ஒட்டும் வேலை திண்ணைக்குப் போயிற்று. பசைக் கிண்ணத்தைச் சுற்றிக் குடும்பமே உட்கார்ந்திருக்கும். 1996 டிசம்பரில் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி வைத்திருக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பை முதலாளிகள் வாய்விட்டுப் படித்ததைக் கேட்டிருக்கிறேன். கணக்கில் முதன்முதலாகக் குழந்தைக்கு ஒரு தொகை ஏறியது. அதற்குப் பிறகுதான் ஆபீஸ் வாசலில் “சிறுவர்கள் வேலைக்கு அமர்த்தப்படுவதில்லை” என்ற போர்டுகள் அதிகமாகக் கண்ணில் பட்டன. போர்டு மட்டும் மாற்றியது என்று சொல்ல மாட்டேன். பள்ளிக்கூட பஸ் பாஸ், சத்துணவு, வெளியூர் வேலை பார்த்து வந்த அண்ணன்மார்களின் பேச்சு, எல்லாம் சேர்ந்துதான் பிள்ளைகளை எழுப்பி வெளியே கொண்டுவந்தன.

நூறு நாள் வேலை வந்தபோது “ஆள் கிடைக்கவில்லை” என்று ஆபீஸ்காரர்கள் புலம்பினார்கள். எங்கள் வீட்டுக்குப் பால் கொடுத்த அம்மாவிடம் கேட்டேன். கூலி பெரிய வித்தியாசமில்லையே, ஏன் அங்கே போகிறீர்கள் என்று. “அங்கன பேசிக்கிட்டே வேல பாக்கலாம்ல சார்” என்றார். கூலி உயர்வு பற்றிப் பேசிய எந்தக் கூட்டத்திலும் இந்தப் பதிலை நான் கேட்டதில்லை.

இப்போது முழு இயந்திர ஆலைகள் வந்துவிட்டன. சட்டம் அடுக்கும் பெண்கள் குறைந்துவிட்டார்கள். ஒரு ரூபாய்த் தீப்பெட்டி 14 வருடம் ஒரு ரூபாயாகவே இருந்து, 2021 டிசம்பர் 1 முதல் இரண்டு ரூபாய் ஆனது. விலையை ஏற்றாமல் பெட்டிக்குள் குச்சியைக் குறைத்துச் சமாளித்த காலமும் உண்டு. வீட்டில் குச்சி எண்ணிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பிளாஸ்டிக் லைட்டர் வந்து தொழிலையே அசைத்தது. 20 ரூபாய்க்குக் குறைவான சிகரெட் லைட்டர் இறக்குமதிக்கு 2023 ஜூனில் மத்திய அரசு தடை போட்டது. கோவில்பட்டி பெட்டிக்கடைகளில் அது இன்னும் தீப்பெட்டிக்குப் பக்கத்திலேயே தொங்குகிறது.