பாலாடைக்கட்டி: திரட்டில் தங்கும் சத்து

பாலைத் திரியவைத்து, நீரை வடித்து, எஞ்சிய திரட்டை அழுத்தியோ உப்பிட்டோ முதிரவைத்தோ செய்யும் உணவு பாலாடைக்கட்டி. பேச்சில் அது சீஸ். பசும்பால் மட்டுமின்றி எருமை, வெள்ளாடு, செம்மறி ஆகியவற்றின் பாலிலும் செய்கிறார்கள். வகைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஆகவே ‘சீஸ் உடம்புக்கு நல்லதா?’ என்று பொத்தாம் பொதுவாகக் கேட்டால் உருப்படியான பதில் வராது. வடியும் நீரோடு எது போனது, திரட்டில் எது தங்கியது, பிறகு எவ்வளவு உப்பு ஏறியது என்று பார்த்தால்தான் ஒவ்வொரு வகையின் தரமும் புலப்படும்.

இங்கிலாந்தின் சாமர்செட் மாவட்டத்தில் உள்ள செடார் என்ற ஊரின் பெயரில் உலகமெங்கும் விற்கும் சீஸையே எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ செடாருக்குச் சுமார் பத்து லிட்டர் பால் தேவை. அந்தப் பாலில் ஏறத்தாழ 330 கிராம் புரதம், 370 கிராம் கொழுப்பு, 470 கிராம் லாக்டோஸ் எனும் பால் சர்க்கரை, 12 கிராம் கால்சியம் இருக்கும். செய்து முடித்த கட்டியில் 250 கிராம் அளவுக்குப் புரதமும், 330 கிராம் கொழுப்பும், 7 கிராமுக்குச் சற்று மேல் கால்சியமும் மிஞ்சுகின்றன. சர்க்கரை அநேகமாக இல்லை. பெரும்பகுதி தெளிநீரோடு வடிந்துவிடுகிறது. மீதியை லாக்டிக் நுண்ணுயிரிகள் தின்று அமிலமாக்கிவிடுகின்றன. பாலின் புரதத்தில் ஐந்தில் ஒரு பங்கு தெளிநீரோடு போகும் வகையைச் சேர்ந்தது. அதைத்தான் பின்னர் உலர்த்தி, ‘வே புரோட்டீன்’ என்று டப்பாவில் அடைத்து உடற்பயிற்சிக் கூடங்களுக்கு விற்கிறார்கள்.

பால் எப்படித் திரிகிறது என்பதைப் பொறுத்துக் கால்சியம் மாறும். பாலின் முக்கியப் புரதமான கேசின், நுண்ணிய உருண்டைகளாக மிதக்கிறது. கால்சியம் பாஸ்பேட் அந்த உருண்டைகளுக்குள் பிடிபட்டிருக்கிறது. கன்றின் இரைப்பையிலிருந்து பழங்காலம் தொட்டு எடுக்கப்பட்டுவரும் ரென்னெட்டில் கைமோசின் என்ற நொதி உண்டு. அது உருண்டைகளின் மேற்புறத்தை மட்டும் நறுக்கி, அவற்றை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. உள்ளே இருக்கும் கால்சியத்துக்குப் பெரிய சேதமில்லை. புளிப்பேற்றித் திரியவைத்தாலோ அமிலம் அந்தக் கால்சியத்தைக் கரைத்து நீரோடு அனுப்பிவிடுகிறது. இதனால்தான் 100 கிராம் செடாரில் சுமார் 720 மில்லிகிராம் கால்சியமும், இத்தாலியின் பார்மெசானில் ஏறத்தாழ 1,180 மில்லிகிராமும் இருக்க, புளிப்பால் உறையும் காட்டேஜ் சீஸில் 80 மில்லிகிராம் அளவுக்கே தேறுகிறது. க்ரீம் சீஸும் அப்படித்தான்: கால்சியம் 100 மில்லிகிராம், புரதம் வெறும் 6 கிராம், கொழுப்பு மட்டும் 34 கிராம். அதை வெண்ணெய்க்கு உறவாகக் கருதுவதே நியாயம்.

நம் வீட்டு அடுப்பில் எலுமிச்சைச் சாறு பிழிந்து செய்யும் பனீர் இந்த இரு கூட்டத்திலும் சரியாகச் சேராது. அதுவும் புளிப்பால் திரிவதுதான். ஆனால் பால் கொதிக்கும் சூட்டில் இருப்பதால் காட்டேஜ் சீஸ் அளவுக்குப் புளிப்பேறும் முன்பே திரிந்துவிடுகிறது. கால்சியத்தில் நல்ல பங்கு தங்கிவிடுகிறது. இன்னொரு லாபமும் உண்டு. அந்தச் சூட்டில் தெளிநீர்ப் புரதங்களும் கேசினோடு ஒட்டிக்கொண்டு திரட்டிலேயே நின்றுவிடுகின்றன. பனீருக்கு உப்பிடும் வழக்கமும் இல்லை. தினமும் சாப்பிட ஏற்ற வகை எது என்று கேட்டால், சமையலறையில் செய்யக்கூடிய இந்த எளிய பண்டத்துக்கு முன்வரிசையில் இடம் தரலாம்.

ஒரு துண்டில் என்ன இருக்கிறது

பிரிட்டனில் ஒரு வேளைக்கான பங்காக 30 கிராம் சீஸைச் சொல்வார்கள். தீப்பெட்டி அளவுத் துண்டு. நம் ஊர்க் கடைகளில் விற்கும் ஸ்லைஸ் ஒன்று பொதுவாக 20 கிராம், கியூப் 25 கிராம். 30 கிராம் செடாரில் சுமார் 120 கிலோ கலோரி, 7 கிராமுக்கு மேல் புரதம், 10 கிராம் கொழுப்பு, 215 மில்லிகிராம் கால்சியம் கிடைக்கின்றன. புரதத்தில் அது ஒரு முட்டையைச் சற்றே மிஞ்சும். கால்சியத்தில் ஒரு தம்ளர் பாலை நெருங்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வயதுவந்தோருக்குப் பரிந்துரைத்த கால்சிய அளவு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம். அதில் ஐந்தில் ஒரு பங்கு இந்தச் சிறு துண்டிலேயே வந்துவிடுகிறது.

அரிசி, கோதுமைப் புரதங்களில் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலம் கேசினில் தாராளமாக உண்டு. ரொட்டியோடு சீஸ் உண்ணும் ஐரோப்பியப் பழக்கத்துக்கு ருசி ஒரு காரணம் என்றால், இந்த நிரப்பல் அதன் சொல்லப்படாத பலன். கொழுப்பில் கரையும் வைட்டமின் ஏ திரட்டிலேயே தங்குகிறது. சைவ உணவில் கிடைப்பதற்கு அரிதான பி12 எல்லாச் சீஸிலும் ஓரளவு இருந்தாலும், சுவிட்சர்லாந்தின் எமென்டால் இதில் தனித்து நிற்கிறது. அதன் பெரிய துளைகளை உண்டாக்கும் புரோபியோனிக் நுண்ணுயிரிகளே பி12-ஐயும் தயாரிப்பவை.

இல்லாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். நார்ச்சத்து இல்லை, வைட்டமின் சி இல்லை, இரும்புச்சத்து பெயருக்குத்தான். வைட்டமின் டி-யும் சொற்பம். இரும்புக் குறைவால் வரும் இரத்தசோகைக்கு சீஸ் தருவது பயனற்ற வேலை. கால்சியத்துக்குக்கூட இதுதான் கதி என்றில்லை: 100 கிராம் கேழ்வரகில் 340 முதல் 360 மில்லிகிராம் கால்சியம் உண்டு, விலையோ சீஸில் சிறு பங்கு. கேழ்வரகின் ஃபைட்டேட்டுகள் கால்சியம் உடலில் சேர்வதைக் கொஞ்சம் தடுக்கும். பால் பொருள்களில் அந்தத் தடை இல்லை. கூழில் மோர் ஊற்றிக் குடிக்கும் வீட்டில் சீஸ் இல்லாதது ஒரு குறையாகவே இராது.

சீஸை ஓர் அரசு எப்படி மதிப்பிட்டது என்பதற்கு இரண்டாம் உலகப்போர்க் கால பிரிட்டன் சான்று. அங்கே சீஸும் ரேஷனில்தான் கிடைத்தது. அளவு அவ்வப்போது மாறினாலும், நீண்ட காலம் ஆளுக்கு வாரம் இரண்டு அவுன்ஸ், அதாவது 57 கிராம்தான். ஆனால் இறைச்சிப் பங்கை விட்டுக்கொடுத்த சைவர்களுக்கும், வயலில் உழைத்தவர்களுக்கும் கூடுதல் சீஸ் ஒதுக்கப்பட்டது. அடுப்பு வேண்டாம், கெடாது, துணியில் முடிந்து வயலுக்கு எடுத்துப்போகலாம். இறைச்சிக்கு ஈடாக அதிகாரிகள் கண்ணில் பட்டது இதுதான்.

முதியோருக்கு என்ன பயன் என்பதை ஆஸ்திரேலிய ஆய்வொன்று பெரிய அளவில் சோதித்தது. 60 முதியோர் இல்லங்கள், 7,195 பேர், இரண்டு ஆண்டுகள். பாதி இல்லங்களில் வழக்கமான சாப்பாடு; மீதியில் பால், தயிர், சீஸ் ஆகியவற்றைக் கூட்டி, நாளுக்குச் சுமார் 700 மில்லிகிராமாக இருந்த கால்சியத்தை 1,142 மில்லிகிராமுக்கு உயர்த்தினார்கள்; புரதமும் கூடியது. 2021இல் வெளியான முடிவின்படி, கூடுதலாகப் பால் பொருள்கள் உண்டவர்களிடம் எலும்பு முறிவு 33 சதவீதமும், இடுப்பெலும்பு முறிவு 46 சதவீதமும் குறைந்தன. பல் விழுந்து, பசி மந்தமாகி, சிறிதளவே உண்ண முடிகிறவர்களுக்கு, சிறு கவளத்தில் நிறையச் சத்து அடங்கிய உணவு எவ்வளவு உதவும் என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. பலன் சீஸுக்கு மட்டும் உரியதல்ல; பாலும் தயிரும் கூட்டாளிகள்.

கொழுப்பும் உப்பும்

30 கிராம் செடாரின் 10 கிராம் கொழுப்பில் 6 கிராம் நிறைவுற்ற கொழுப்பு. மொத்த ஆற்றலில் பத்து சதவீதத்துக்கு மேல் இந்த வகைக் கொழுப்பிலிருந்து வரக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2,000 கிலோ கலோரி உண்பவருக்கு அது 22 கிராம். ஒரு தீப்பெட்டித் துண்டே நாளின் ஒதுக்கீட்டில் கால்வாசிக்கு மேல் எடுத்துக்கொள்கிறது என்றால், மேலே தாராளமாக சீஸ் உருகி வழியும் பிட்சாவின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் இதே கொழுப்பு வெண்ணெயில் செய்வதை சீஸில் செய்வதில்லை என்பது ஊட்டச்சத்து அறிவியலின் சுவாரசியமான கண்டுபிடிப்புகளில் ஒன்று. டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் ஐம்பது வயது கடந்த, எடை கூடிய 164 பேரை ஆறு வாரம் கவனித்தார்கள். எல்லோருக்கும் நாள்தோறும் ஏறத்தாழ 40 கிராம் பால் கொழுப்பு. சிலருக்கு அது 120 கிராம் செடாராகவே வந்தது. வேறு சிலருக்கு வெண்ணெயாக வந்தது, சீஸில் இருக்கும் புரதமும் கால்சியமும் தனியே தரப்பட்டன. 2018இல் வெளியான முடிவில், முழு சீஸாக உண்டவர்களின் ‘கெட்ட கொழுப்பு’ எனப்படும் எல்.டி.எல். மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. கால்சியம் குடலில் கொழுப்பு அமிலங்களைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேறுவது ஒரு காரணம் என்கிறார்கள். கேசின் வலைப்பின்னலுக்குள் கொழுப்பு அடைபட்டிருப்பது இன்னொன்று. சீஸ் பிரியர்கள் இதைக் கொண்டாடுவதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒப்பீடு வெண்ணெயோடுதான் நடந்தது. நல்லெண்ணெயோடோ நிலக்கடலையோடோ அல்ல.

உப்பின் கதை வேறு. சீஸில் உப்பு ருசிக்கு மட்டும் இடுவதல்ல. மிச்ச நீரை வெளியேற்றுவது, கெடுக்கும் கிருமிகளை அடக்குவது, முதிர்ச்சியின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது எல்லாம் அதன் வேலை. அதனால் ஓர் அளவுக்குக் கீழே குறைக்க முடியாது. 100 கிராம் செடாரில் சோடியம் 600 மில்லிகிராமுக்கு மேல். உப்பு நீரில் ஊறிக் கிடக்கும் கிரேக்கத்து ஃபெட்டாவில் 900-க்கு மேல். பிரான்சின் ராக்ஃபோர்ட்டில் 1,800-ஐத் தொடும். எதிர்முனையில் எமென்டால் 200-க்குள் அடங்கிவிடுகிறது. துளையிடும் நுண்ணுயிரிகளுக்கு உப்பு ஆகாது. தவிர, 75 கிலோவிலிருந்து 120 கிலோ வரை எடையுள்ள அந்தப் பெருவட்டின் உள்ளே உப்பு எளிதில் இறங்கவும் செய்யாது. ஒரு நாளைக்குச் சோடியம் 2,000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஊறுகாயும் அப்பளமும் சாம்பாரும் ஏற்கெனவே அதைத் தின்றுதீர்த்துவிட்ட தட்டில், இரத்தக்கொதிப்பு உள்ளவர் எமென்டாலையோ பனீரையோ நாடுவதே புத்திசாலித்தனம்.

இந்தியாவில் பரவலாக விற்பது பிராசஸ்டு சீஸ். 1911இல் சுவிட்சர்லாந்தின் தூன் நகரில் வால்டர் கெர்பர், ஃப்ரிட்ஸ் ஸ்டெட்லர் என்ற இருவர் சீஸைச் சிட்ரேட் உப்போடு உருக்கி, நாள்பட இருக்கும் பண்டமாக்கினார்கள். அமெரிக்காவில் ஜே.எல். கிராஃப்ட் தம் முறைக்கு 1916இல் காப்புரிமை பெற்றார். கொழுப்பும் நீரும் பிரியாதிருக்கச் சேர்க்கும் சோடியம் சிட்ரேட்டும் பாஸ்பேட்டும் சோடியத்தை இன்னும் ஏற்றிவிடுகின்றன. சேர்க்கப்பட்ட பாஸ்பேட்டை, உணவில் இயல்பாக இருப்பதைவிட அதிகமாக உடல் உறிஞ்சிக்கொள்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது.

யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது

பால் குடித்தால் வயிறு உப்பி, கடமுடவென்று ஓடும் பலருக்கு முதிர்ந்த சீஸ் ஒன்றும் செய்வதில்லை. தொல்லை தரும் லாக்டோஸ் அதில் மிச்சமில்லை. குறைந்தது பன்னிரண்டு மாதம் முதிரும் பார்மெசானில் அது சுத்தமாக இராது. பால் புரதமே ஒவ்வாதவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. கேசின் அப்படியேதான் இருக்கிறது.

முதிர்ந்த சீஸுக்கு இன்னோர் ஆபத்தான முகமும் உண்டு. 1960-களின் தொடக்கத்தில் நாட்டிங்ஹாம் நகர மருந்தாளுநர் ஒருவர், மனச்சோர்வுக்கான மருந்து உட்கொண்டிருந்த தம் மனைவிக்குச் சீஸ் தின்ற பிறகெல்லாம் மண்டை பிளப்பதுபோல் தலைவலி வருவதாக லண்டன் மருத்துவர் பேரி பிளாக்வெல்லுக்கு எழுதினார். சீஸாவது தலைவலியாவது என்று முதலில் சிரித்தவர்கள் உண்டு. பிளாக்வெல் விடாமல் தொடர்ந்து, 1963இல் ‘லான்செட்’ இதழில் விஷயத்தைப் பதிவு செய்தார். சீஸ் முதிரும்போது டைரோசின் என்ற அமினோ அமிலம் டைரமினாக மாறுகிறது. சாதாரணமாக அதை உடலின் நொதி ஒன்று சிதைத்துவிடும். மருந்தாளுநரின் மனைவி உட்கொண்டது போன்ற எம்.ஏ.ஓ. தடுப்பு மருந்துகள், எம்.ஏ.ஓ. எனும் அந்த நொதியையே முடக்கிவிடுவதால், டைரமின் இரத்த அழுத்தத்தை விர்ரென்று ஏற்றிவிடுகிறது. உயிருக்கே ஆபத்து. அந்த வகை மருந்து உண்பவர்களுக்கு முதிர்ந்த சீஸ் இன்றும் விலக்குதான்.

கர்ப்பிணிகள் மென்மையான, காய்ச்சாத பாலில் செய்த சீஸ்களை ஒதுக்க வேண்டும். ஈரம் மிகுந்த அவற்றில் லிஸ்டீரியா என்ற கிருமி குளிர்பெட்டியின் குளிரிலும் பெருகும். 1985இல் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் மெக்சிகோ பாணி மென் சீஸால் 142 பேர் பாதிக்கப்பட்டார்கள். கருவிலிருந்த சிசுக்களையும் சேர்த்து 48 உயிர்கள் போயின. பாலை நன்கு காய்ச்சிச் செய்து, உடனே சமைத்துச் சாப்பிடும் பனீருக்கு இந்தப் பயம் வெகு குறைவு.

கடையில் வாங்கும்போது உறையைக் கவனித்துப் பார்ப்பது அவசியம். பச்சைப் புள்ளி இருந்தால் கன்றின் ரென்னெட் சேரவில்லை என்று பொருள். நுண்ணுயிரிகளிலிருந்து கிடைக்கும் நொதியால் உறையவைத்திருப்பார்கள். பால் கொழுப்புக்குப் பதில் பாமாயில் சேர்த்து, சீஸைப் போலவே உருகும்படி செய்த பண்டங்களும் சந்தையில் உலவுகின்றன. அவற்றைச் சீஸ் என்று பெயரிட்டு விற்க இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் அனுமதிப்பதில்லை. உறையைப் படித்தால் வேறுபாடு தெரியும். உணவகத் தட்டில் உருகிக் கிடப்பதற்கோ உறை கிடையாது. அது எந்தச் சீஸ் என்று பரிமாறுபவரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.